நைனா இருக்கும்போதே எடுத்த மீசை

போன டிசம்பர் மாதத்தின் கடைசி நாள், என் மகன் சலூனுக்குப் போய்விட்டு வந்தான். இடது புருவத்தின் நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது. கத்தி பட்டுவிட்டதோ என்று பதறிப்போய்க் கிட்டே போய்ப் பார்த்தேன். "அப்பா, இது ஸ்டைலு. நியூ இயருக்கு எல்லாரும் போடுறாங்க" என்று விலகிக்கொண்டான். ஒரு தகப்பன் இந்த இடத்தில் கத்தியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கன்னத்தில் தடவியிருந்த லோஷன் வாசனை என் மூக்கில் ஏறிவிட்டது. ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்ட பிறகு எங்கே கத்துவது?

அந்த வாசனை எனக்குக் காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம் இருந்த தனபால் அண்ணன் கடையின் வாசனை. வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு மூக்கு கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும். கண்ணை மூடிக்கொண்டு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவோம். மீன் நாற்றம் என்றால் காசிமேடு, குப்பைப் புகை என்றால் கொடுங்கையூர், கண் எரிந்தால் மணலி. இதற்கு நடுவே ஓர் ஆள் லோஷன் வாசனையோடு நடந்து வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கத்து ஆட்கள் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் ஸ்டைலாக இருப்பார்கள். அந்த நாள் ஜனவரி ஒன்று.

பொங்கலுக்குத் துணி எடுப்பது குடும்பக் கடமை. புது வருஷம் அப்படியில்லை. அது அவரவர் சொந்த விவகாரம். தெருவெல்லாம் கலர் கோலமாவில் இங்கிலீஷில் வாழ்த்து எழுதியிருக்கும். பாதி வீடுகளில் ஒரு எழுத்து குறையும். முதல் நாள் வரை பாவாடை தாவணியில் திரிந்தவள் சுடிதாரில் வருவாள். பான்பராக்கை விட்டேன் என்று சத்தியம் செய்தவன் பொங்கல் வரைக்கும் பாக்கு மட்டும் மென்றுகொண்டு எல்லோர்மீதும் எரிந்து விழுவான். என் அம்மா நைட்டிக்கு மாறியதும் ஒரு ஜனவரி ஒன்றாம் தேதிதான். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனவள் கோயில் தேர்போல் மெல்ல அசைந்து திரும்பி வந்து, "யாரும் ஒண்ணும் சொல்லல" என்று அப்பாவிடம் சொன்னாள். சொல்லவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் கூட.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் ஏழுமலை. திருவொற்றியூர் ஹைரோட்டில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியில் வேலை. அவருக்கு ஒரே ஒரு தோஸ்து, காசிம் பாய். அதே பவுண்டரி, அதே ஷிஃப்ட், அடுத்தடுத்த லாக்கர். பாய்க்கு வீடு ராயபுரம் கல்மண்டபத்தில். லீவு நாளில் நைனா அங்கே போய்விடுவார், இல்லையென்றால் பாய் இங்கே வந்துவிடுவார். இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் பேச மாட்டார்கள். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்ப்பார்கள். லாரி போனால் "லோடு ஜாஸ்தி" என்பார் ஒருவர். "ம்" என்பார் இன்னொருவர். இதற்காக ஒருவர் பஸ் ஏறி வர வேண்டுமா என்று அம்மா கேட்பாள்.

இந்த நட்பும் ஒரு புது வருஷத்தில்தான் உடைந்தது. நைனாவுக்குத் தலை சீக்கிரமே நரைத்துவிட்டது. ஒரு டிசம்பர் கடைசியில் என்ன தோன்றியதோ, டை பாக்கெட் வாங்கி வந்து கிண்ணத்தில் குழைத்து, அம்மாவிடம் தலையைக் கொடுத்துவிட்டார். அம்மாவும் வஞ்சனையில்லாமல் தலை, மீசை, காது, கழுத்து என்று அடித்து முடித்தாள். மறுநாள் அவர் கேன்டீனுக்குள் நுழைந்தபோது ஷிஃப்ட் மொத்தமும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்ததாம். பாய்தான் வாயைத் திறந்திருக்கிறார்.

"இன்னா யேழுமல, புதுசா தார் ரோடு போட்டுட்டாங்களா? வண்டி எப்போ வுடப் போறாங்க?"

கேன்டீனே சிரித்தது. நைனாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. பாய் தாடிக்கு மருதாணி போடுகிறவர். "ஒன் தாடி மட்டும் இன்னாவாம்? மழையில நனைஞ்ச பழைய இரும்பு மாரி துரு புட்ச்சிகினு கீது" என்று நைனா சொல்லியிருக்கிறார். அதற்கும் கேன்டீன் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. தலைமுடி என்பது நைனாவுக்கு ஆசை. தாடி பாய்க்கு ஆசை மட்டும் இல்லை, அது அவர் மார்க்கம். இது நைனாவுக்குத் தெரியும். சொல்லி முடித்த அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஆனால் கேன்டீனில் அத்தனை பேர் முன்னால் யார் இறங்கிப் போவது? பாய் எழுதிக் கொடுத்து ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். பேச்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நைனா டை அடிக்கவே இல்லை. லீவு நாளில் வாசலில் நாற்காலியைப் போடுவார். ஒன்றுதான் போடுவார். லாரி போகும். யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டார். ராயபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால், கல்மண்டபம் வரும்போது மட்டும் அவருக்கு டிக்கெட்டைத் தேட வேண்டிய அவசியம் வந்துவிடும். குனிந்து பை பையாகத் துழாவுவார். நாலு வருஷம் இப்படியே ஓடியது. நானும் அம்மாவும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தோம். "அவன் வந்தா வரட்டும்" என்பார். அங்கே பாயும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறக்கப் போகிறது என்று உலகமே குதித்துக்கொண்டிருந்தது. நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வரும் பெட்டி, போகும் பெட்டியின் நம்பரைச் சரிபார்க்கிற வேலை. கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும், பிளேன் விழும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. என் கவலை என் மீசை. அது இடது பக்கம் ஒழுங்காக முளைத்தது, வலது பக்கம் சோம்பேறி. பாஸ் கார்டு போட்டோவில் நான் நைனாவுக்கே அண்ணன் மாதிரி இருந்தேன். யார்டு ஆபீஸில் பில் போடும் பெண் ஒருத்தி அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு "சார், வயசு எத்தன?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்தச் 'சார்' என்னைத் தூங்கவிடவில்லை. டிவியில் சோப்பு விளம்பரத்துக்கு வருகிறவர்களில் ஒருவனுக்கும் மீசை கிடையாது என்பதைக் கவனித்தேன். இரண்டாயிரத்தில் புது ஆளாக நுழைவது என்று முடிவெடுத்தேன்.

ஜனவரி ஒன்று காலை தனபால் அண்ணன் கடையில் நல்ல கூட்டம். அவர் அப்போதுதான் முடிவெட்டும் மெஷின் வாங்கியிருந்தார். அதுவரைக்கும் கத்தரியும் சீப்பும் வைத்து வேலை செய்தவர், மெஷினுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். "மீசைய எடுத்துடுண்ணே, தலைய ஷார்ட்டா வெட்டுண்ணே" என்றேன். மெஷினை ஆன் செய்தார். அதற்கு ஒரு பிளாஸ்டிக் சீப்பு உண்டு. அதை முன்னால் மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அந்தச் சீப்பு எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே இழுப்பு. கண்ணாடியில் பார்த்தேன். தலை நடுவில் தெளிவாக ஒரு பாதை.

அண்ணன் கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லட்டா? இப்போ மொட்டைதான் ஃபேஷனு" என்றார்.

வேறு வழியில்லை. மொத்தத்தையும் எடுத்தார். மொட்டைத் தலைக்குக் கீழே மீசை மட்டும் நின்றபோது நான் கோதாவில் இறங்கப் போகிறவன்போல் இருந்தேன். அதையும் எடுத்தார். லோஷனைத் தாராளமாகத் தடவிவிட்டார். எழுந்து பார்த்தேன். புது ஆள்தான். யார் என்றுதான் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெற்றவர்கள் தவறினால்தான் பிள்ளை மீசை எடுப்பான், தலை மழிப்பான். மொட்டை மட்டும் என்றால் திருப்பதியோ திருத்தணியோ என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் கோயிலுக்குப் போனவன் தலையில் சந்தனம் இருக்கும், கையில் பிரசாதம் இருக்கும். இவை இரண்டும் இல்லாமல் மொட்டையும் மழித்த மீசையுமாக ஒருவன் வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஊரும் என்னோடு சேர்ந்து இரண்டாயிரத்துக்குள் வந்துவிட்டது என்று நம்பினேன்.

வீட்டில் அம்மா இன்னும் இரண்டாயிரத்துக்குள் வரவில்லை. என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுத் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி! ஒங்க நைனா கல்லு மாரி உள்ள குந்திகினு கீறாருடா! இன்னா கோலம்டா இது!"

நைனா அன்று வாராந்திர லீவு. மட்டன் வாங்கி வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார். என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா எனக்குக் காரியம் பண்ட்டியேடா" என்றார். அடிக்கவில்லை. திரும்பப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால்தான் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினேன். வெயிலில் மொட்டை காந்தியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாததால் கறுப்புக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டேன். தேரடி பஸ் ஸ்டாப்பில் முருகேசன் அண்ணன் நின்றிருந்தார். நைனாவோடு பவுண்டரியில் வேலை செய்கிறவர். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டார். மெல்ல கிட்டே வந்தார். என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினார். தலையை ஆட்டினார். பஸ் வந்தது, ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார்.

துக்கம் நடந்த வீட்டு ஆளிடம் எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டு எதுவும் கேட்க மாட்டார்கள். கையைப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். போகும்போது "போய்ட்டு வரேன்" என்றும் சொல்ல மாட்டார்கள். நானோ, முருகேசன் அண்ணன் எனக்கு இங்கிலீஷ்காரர்கள் மாதிரி கை குலுக்கிப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல மனுஷன், முன்னேறிவிட்டார் என்றும் நினைத்தேன்.

யார்டில் அதைவிட ஆச்சரியம். எங்கள் சூப்பர்வைசர் ரத்தினம் சார் வாய் ஓயாமல் திட்டுகிறவர். அவர் திட்டாத நாளில் கிரேன் ஓடாது என்று சொல்வோம். அன்று என்னைப் பார்த்தவர் பாதி வசவில் நின்றுவிட்டார். வந்து கையை அழுத்தினார். "நீ நெழல்ல குந்துப்பா. வேல எங்க ஓடிப் போவுது?" என்றார். டிரெய்லர் டிரைவர்கள் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். யாரோ டீ கொண்டு வந்து கொடுத்தார்கள். கூடவே பன். பில் போடும் அந்தப் பெண் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. மீசையை எடுத்ததற்கு இப்படி ஒரு பலனா! கூலிங் கிளாஸை நான் கழற்றவே இல்லை. அழுத கண்ணை மறைக்கத்தான் மாட்டியிருக்கிறேன் என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்?

நிழலில் உட்கார்ந்து பன்னைக் கடித்தபடி நான் சிந்தித்தேன். மனிதர்கள் உண்மையிலேயே நல்லவர்கள். ஒரு வருஷம் மாறியதும் இவ்வளவு அன்பு வருகிறதே, நானும் இனிமேல் யாரையும் கோபிக்கக் கூடாது, குறிப்பாக ரத்தினம் சாரை என்று தீர்மானம் செய்துகொண்டேன். என் வாழ்நாளில் மனப்பூர்வமாகச் செய்த ஒரே புத்தாண்டுத் தீர்மானம் அது. நாலு மணிக்கு ரத்தினம் சார் வந்து, "வூட்டுக்குப் போப்பா. அம்மாவுக்குத் துணையா இரு" என்றார். அம்மாவுக்கு என்ன துணை, மட்டன் குழம்பு தயாராகியிருக்கும் என்று கிளம்பிவிட்டேன். பின்னால் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "இந்தக் காலத்துல இப்படி ஒரு பையன். இன்னிக்கும் டூட்டிக்கு வந்துகீறான் பாரு." எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் சந்து முனையில் பவுண்டரி ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முருகேசன் அண்ணன் பவுண்டரி கேட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் அப்படியே கிளம்பி வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. மாலையைப் பார்த்ததும், நைனாவை யூனியனில் எதற்கோ தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன்.

"வாங்கண்ணே, வாங்க! ஹேப்பி நியூ இயர்!" என்றேன்.

துக்க வீட்டில் 'வாங்க' என்றே கூப்பிடக் கூடாது. நானோ அதற்கு மேலும் சொல்லிவிட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், பையனுக்குத் தல கலங்கிப் போச்சி" என்று ஒருவர் முணுமுணுத்தார். ஒருவர் என் தோளை அணைத்துக்கொண்டார். நான் முன்னால் நடக்க, அவர்கள் தலைகுனிந்து பின்னால் வந்தார்கள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக, ஒற்றை வரிசையில்.

நைனா லுங்கியும் பனியனுமாக வாசல் நாற்காலியில் உட்கார்ந்து நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

வரிசை நின்றது. மாலை வைத்திருந்தவர் இரண்டடி பின்னால் போனார். எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு நைனா எல்லோரையும் பார்த்தார். மாலையைப் பார்த்தார். கடைசியாக என் தலையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"யாருக்குடா மால?"

வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "எனக்குத்தான? எட்த்துனு வந்தத ஏன் மறைக்கிற? போடு" என்றார். உள்ளேயிருந்து அம்மா ஓடிவந்து, மாலை படி ஏறினால் தான் இறங்கிப் போய்விடுவதாகக் கத்தினாள். அவ்வளவுதான், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்கச் சிரிக்க ஒருவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நைனா குஷியாகிவிட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நான் பூட்டேன்னு கேட்டதும் நீ இன்னா சொன்னே?" என்று விசாரணை வைத்தார்.

"நல்ல மனுசன்னு சொன்னேண்ணே."

"அப்போ உசுரோட இருக்கசொல்ல ஓவர்டைமுக்கு என் பேர ஏன்டா வுட்டே?"

இப்படிக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது சந்து முனையில் ஓர் ஆட்டோ நின்றது. ஓர் ஆளின் அழுகைச் சத்தம் கேட்டது. அழுதுகொண்டே நடந்துவரும் குரல். "யேழுமல... யேழுமல..." பவுண்டரியிலிருந்து யாரோ கல்மண்டபத்துக்கும் போன் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

நைனாவின் முகம் மாறியது. நாலு வருஷமாகக் கேட்காத குரல். சட்டென்று எழுந்தவர், என்ன நினைத்தாரோ, வீட்டுக்குள் போய்க் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். விரலை உதட்டில் வைத்து எங்களைப் பார்த்தார். ஏன் ஒளிந்தீர்கள் என்று பிற்பாடு நான் கேட்டபோது, "மூஞ்சிய எப்டிடா காட்றது?" என்றார்.

காசிம் பாய் வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் வேறு யாருடைய செருப்போ. நாற்காலி, கூட்டம், மாலை, என் மொட்டை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவர் தாடி என் மொட்டையில் குத்தியது. தாடி முழுக்க வெள்ளை. மருதாணியின் சாயலே இல்லை.

"எனக்கு ஏன்டா சொல்லல? ஒரு பிடி மண்ணு போட வுடலியேடா..." என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திரையைப் பார்த்து, உள்ளே நைனாவின் போட்டோ இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினார்.

"யேழுமல, நீ தலைக்கு டை அட்ச்சா எனக்கு இன்னாடா வந்துச்சி? ஊரே அட்ச்சிகினு கீது. நான் எதுக்கு அத்தினி பேரு முன்னால சிரிச்சேன்? ரம்ஜானுக்கு ரம்ஜான் ஒனக்குன்னு பிரியாணி கட்டி வெச்சிகினு குந்திகினு இருப்பேன்டா. நீ வருவ, வருவன்னு. அப்பால பக்கத்து வூட்டுக்குக் குட்துடுவேன். ஒரே பஸ்ஸு. ஏறி வந்திருந்தா முடிஞ்சிருக்கும். இப்போ நீ பூட்ட. நான் யாராண்ட போய் மன்னாப்பு கேப்பேன்?"

பவுண்டரி ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று என் நாக்கு துடித்தது. ஆனால் திரையின் ஓரமாக எனக்கு மட்டும் தெரிந்த விரல் இன்னும் உதட்டிலேயே இருந்தது. பிறகு அங்கிருந்து ஒரு கேவல் வந்தது. நைனா அழுது நான் பார்த்ததில்லை.

திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பாய்... தாடியச் சொன்னது தப்புதான் பாய்."

காசிம் பாய் பார்த்தார். எழுந்தார். நைனாவின் தோளை, கையை, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது போலிருக்கிறது. பிறகு திரும்பி, ஓங்கி விட்டார் ஓர் அறை. எனக்கு. கூலிங் கிளாஸ் பறந்து எதிர்வீட்டு வாசலில் விழுந்தது.

"பேமானி! அப்பன வெச்சிகினு மீசய எட்ப்பியா?"

அதற்குப் பிறகுதான் நைனாவைக் கட்டிக்கொண்டார். "இனிமே நீ நெஜமா செத்தாலும் நான் வர மாட்டேன். இன்னொரு தபா இத்த தாங்க முடியாது" என்றார் பாய். "சரி, வராத. நோம்பு தொறந்துட்டு டீ சாப்புடு" என்றார் நைனா.

மாலையை என்ன செய்வது என்பது பெரிய பேஜாராகிவிட்டது. உயிரோடு இருக்கிறவருக்குப் போட முடியாது. சாவுக்கென்று வாங்கியதைச் சாமிக்கும் போட முடியாது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். ஆட்டோக்காரரிடம் வண்டியில் கட்டிக்கொள்ளச் சொன்னோம். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இந்த விவாதம் முடிவதற்குள் எதிர்வீட்டு ஆடு மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. மீதியையும் தின்னட்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று மாலை வாசலில் இரண்டு நாற்காலி போடப்பட்டது. லாரி ஒன்று போனது. "லோடு ஜாஸ்தி" என்றார் பாய். நைனா "ம்" என்றார். அடுத்த வாரமே வந்த ரம்ஜானுக்குக் கல்மண்டபத்திலிருந்து வந்த பிரியாணி தூக்கு, நாலு வருஷத்து பாக்கியையும் சேர்த்து அனுப்பியதுபோல் கனமாக இருந்தது. அதற்கடுத்த புது வருஷத்தன்று ஒருவர் கறுப்புத் தலையோடும் இன்னொருவர் சிவப்புத் தாடியோடும் அதே வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தார்கள்.

யார்டில் என் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. மறுநாளிலிருந்து ரத்தினம் சார் முன்பைவிட இரண்டு பங்கு திட்டினார். அந்தப் பெண் முகம் கொடுத்தே பேசவில்லை. நான் அவசர அவசரமாக மீசை வளர்த்தேன். அது அப்போதும் வலது பக்கம் சோம்பேறியாகத்தான் முளைத்தது.

அந்தப் பவுண்டரி இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. பால்கனியில் துணி காய்கிறது. எங்கள் சந்தில் வாசலில் நாற்காலி போட இடமில்லை, பைக்குகள் நிற்கின்றன. நானும் யார்டை விட்டுக் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸுக்கு மாறிவிட்டேன். ஏசி, கண்ணாடிக் கதவு, ஆளுக்கொரு கம்ப்யூட்டர். காசிம் பாய் முந்திக்கொண்டார். அவரை அடக்கம் செய்த ஜனாசாவுக்கு நைனாவை நான்தான் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். அதிலிருந்து நைனா ரோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவரும் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார்.

திருவொற்றியூர் சுடுகாட்டில் என்னை ஒரு கல்லில் உட்கார வைத்துத் தலையையும் மீசையையும் மழித்தார்கள். மீசை அதற்குள் நரைத்து, இரண்டு பக்கமும் சமமாகவே வளர்ந்திருந்தது. மேல் உதட்டில் காற்று பட்டபோதுதான் நைனா இல்லை என்பது எனக்கு முழுசாக உறைத்தது. வாய்விட்டு அழுதேன்.

காரியம் முடிந்து ஆபீஸுக்குப் போனேன். லீவு எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டிருந்தேன். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்திருந்தன. பஸ்ஸில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப் பேருக்கு மீசை இல்லை, ஒருவன் மொட்டை, காதில் கடுக்கன். செக்யூரிட்டி கார்டைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நடந்து போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் இருப்பவன் நல்ல பையன், குரூப்பில் முதல் ஆளாகக் கைகூப்பியவன். ஸ்கிரீனிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்தது.

"சார்! நியூ லுக்கா? செமயா இருக்கு சார், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க!"

மேல் உதட்டைத் தடவிக்கொண்டே, "தேங்க்ஸ்ப்பா" என்றேன்.